ராயின் கடைசி ஆட்டமும் என் கேமராவும்

ஜெர்மனியில், வுப்பர்டால் ஊரில் நான் கண்விழித்த முதல் நாள் காலை, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே மேசைக்கு முன்னால் ஆறரை அடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது முழங்கையைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் பொட்டலங்களை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். பொட்டலங்களுக்குள் இருந்தது ஃப்ரீஸரில் உறைந்த தேங்காய்த் துருவல்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் வீட்டில் அறை என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கார மலர் அக்கா பின்னால் நின்றிருந்தார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. அவர் ராய். மேல் அறையிலை இருக்கிறார். ஐஸ் முடிஞ்சுது, அதுதான் தேங்காய்ப்பூவைக் குடுத்தனான்."

மத்தியானம் அதே தேங்காய்ப்பூ புட்டில் வந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். ராய் யோசிக்காமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் எலாஸ்டிக் நாடா நெய்கிற ஆலை ஒன்றில் நான் பராமரிப்பு மேற்பார்வையாளன். உலகத்தில் பல பேருடைய ஜட்டி இடுப்பில் நிற்பதற்கு நானும் ஒரு காரணம். வுப்பர்டாலில் எங்கள் முதலாளி ஒரு தறி வாங்கியிருந்தார். அதைக் கழற்றிப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்து, பழகிக்கொண்டு வரச் சொல்லிப் பத்து நாளைக்கு என்னை அனுப்பினார். ஓட்டலில் தங்கினால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அவரே கவலைப்பட்டு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணன் வெட்டுக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். முடியில் பாதி அளவு தப்பு இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று மகன் சுஜன் சொன்னான். சுஜனுக்கு இருபத்துமூன்று வயது, மின்சார வேலை பார்க்கிறான். அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் வாக்கியத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வான் போலிருந்தது.

அண்ணனின் நேர்மையை நான் திங்கட்கிழமையே அனுபவித்தேன். தொழிற்சாலைக்கு வழி காட்டுவதற்காக என்னைத் தொங்கு ரயிலில் கூட்டிப்போனார். ஆற்றுக்கு மேலே தண்டவாளம், அதற்குக் கீழே ரயில், அதற்குள் நாங்கள். வாயைப் பிளந்துகொண்டு ஏறியதில், நிலையத்து இயந்திரத்தில் நாமே டிக்கெட்டுக்கு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். வண்டி கிளம்பியதும் அண்ணன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில், நான் வண்டியையே திருடிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"பரிசோதகர் யாரும் காணோமுங்களே அண்ணா" என்றேன்.

"அவர் இல்லாட்டி என்ன, நாங்கள் இருக்கிறமெல்லோ" என்றார்.

அடுத்த நிலையத்தில் இறக்கி, முத்திரை குத்த வைத்தார். மாதப் பாஸ் வைத்திருந்த அவரும் கூடவே இறங்கினார். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது. முதல் நாளே தறிக்காரர்களிடம் தாமதமாகப் போய் நின்று, இந்தியர்கள் என்றால் இப்படித்தான் என்று அவர்கள் நினைத்திருப்பதை உறுதிப்படுத்தினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கூட்டத்தை நீந்தி வந்து டிக்கெட் கேட்காவிட்டால் அது அவருடைய தப்பு என்றுதான் நான் வளர்ந்திருக்கிறேன்.

ராய் யார் என்பதை அந்த வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வயது. அமெரிக்கர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவதே பிழைப்பு. பதினாறு வருடம், பதினொரு அணிகள். முதலில் அமெரிக்காவின் சின்ன ஊர்கள், பஸ்ஸிலேயே தூக்கம். அப்புறம் மெக்சிகோ, தைவான், இத்தாலி, ஹாலந்து. கடைசியாக இந்த ஊரில் ஒரு சின்னக் கிளப். ஜெர்மானியர்கள் கால்பந்துக்கு உயிரைக் கொடுப்பார்கள். பேஸ்பாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதே பெரிய விஷயம். அதனால் ராய் பந்து வீசுவதோடு புல் வெட்டுவார், கோடு போடுவார், கிளப்பின் வேனையும் ஓட்டுவார்.

உலகப் புகழ் பெற்ற பெரிய லீக்கில் ஆடியிருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். நம் ஊரில் பாடகரைப் பார்த்தால் சினிமாவில் பாடியிருக்கிறீர்களா என்று கேட்போமே, அந்த மாதிரி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் அங்கே இருந்தேன் என்றார். புதுச் சீருடை, புதுத் தொப்பி, முதுகில் பெயர். இரண்டு முறை தோள்பட்டையைச் சூடாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு முறையும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பத்தாவது நாள் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் ஒரு பந்துகூட வீசவில்லை. தொப்பியை வைத்திருக்கிறீர்களா என்றேன். மெக்சிகோவில் ஒரு ஆடு தின்றுவிட்டது என்றார். அது உண்மையா விளையாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் அவரோடு மைதானத்துக்குப் போனேன். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் தோட்டங்கள். வேலிக்கு அப்பால் பந்து போய் முட்டைக்கோஸில் விழுந்தால் அந்தத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பந்தைத் தராமல் அரைமணி நேரம் பேசுவாராம். ராய் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டே தன் ஆசையைச் சொன்னார். வரப்போகிற ஞாயிறுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். முழங்கை இனித் தாங்காது. சொந்த ஊரில் மச்சானின் டயர் கடையில் வேலை காத்திருக்கிறது. போவதற்கு முன்னால் ஒரே ஒரு நோ-ஹிட்டர் வேண்டும்.

அது என்னவென்று அவர் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒன்பது சுற்றிலும் எதிரணியில் ஒருவர்கூடப் பந்தைச் சரியாக அடித்து ஓடி, தளம் என்கிற இடத்தைப் பிடிக்கக் கூடாது; பிடித்தால் கணக்கில் அது ஒரு 'அடி'. தடுப்பவர் பந்தைக் கோட்டைவிட்டு அதனால் ஒருவர் ஓடிப் பிழைத்தால் அது தடுத்தவரின் பிழை, வீசியவரின் கணக்கில் சேராது. கிரிக்கெட்டில் ஒரே ஆள் பத்து விக்கெட்டையும் எடுக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மெக்சிகோவில் ஒன்பதாவது சுற்றுவரை போய் நழுவியது. தைவானில் ஆறாவது சுற்றில் மழை.

"பெரிய லீக்கில் வீசினாலும் முட்டைக்கோஸ் பக்கத்தில் வீசினாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான்" என்றார் ராய். "என்ன செய்தாய் என்று டயர் கடையில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும்." சொல்லிவிட்டு, போட்ட கோடு கோணலாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். கோணல்தான். நேராக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடே மைதானத்துக்குக் கிளம்பியது. மலர் அக்கா சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருநூறு ரோல்ஸ் சுருட்டிப் பொரித்திருந்தார். உள்ளே ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். சாசேஜ் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு விற்றார். ஜெர்மானியர்கள் வரிசையில் நின்று வாங்கி, முதல் கடியில் கண் கலங்கி, மறுபடி வரிசையில் நின்றார்கள். சுஜன் அணியில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவன். சிவநேசன் அண்ணன் வலைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசையில் பெரிய தாளை விரித்து வைத்திருந்தார். அவர்தான் கிளப்பின் ஆட்டக் கணக்கர்.

மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தவரிடம் யாரோ ஒருமுறை பென்சிலைக் கொடுத்தார்களாம். ஆறு மாதத்தில் ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவிட்டார். பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாறினார். மற்ற கணக்கர்கள் அழித்து எழுதுவார்கள். இவர் எழுதினால் எழுதியதுதான். ஒரு பந்து அடியா பிழையா என்று சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வது நடுவர் இல்லை, இந்த மேசைதான்.

அன்று இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் வெளிநாட்டுக்காரர் பந்து வீசக் கூடாதென்று அங்கே விதி. அதனால் ராய் சாசேஜ் கடையில் நின்று ரொட்டி வெட்டினார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் போனார்.

அவர் வேகமாக வீசவில்லை. வேகம் எல்லாம் ஏதோ ஒரு பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டது. பந்து வருமுன்பே மட்டையைச் சுழற்றவைத்து, சுழற்றி முடித்தவரைச் சாவகாசமாகக் கடந்து போகிற பந்துகள் அவருடையவை. எதிரணி இளைஞர்கள் காற்றை அடித்து அடித்துச் சோர்ந்தார்கள். ஏழு சுற்று முடிந்தது. ஒருவராலும் அடிக்க முடியவில்லை.

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். ராய் பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட ஆடுகிற யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை, பேசவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுஜன்கூட அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசி ஆட்டம் ஆடுகிற மனுஷனை இப்படியா ஒதுக்குவார்கள்? என்ன சண்டையோ தெரியவில்லை, நம்மால் அப்படி இருக்க முடியாது. இரண்டு ரோல்ஸை ஒரு காகிதத்தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தட்டி, ஏழு சுற்றில் ஒரு அடிகூட விழவில்லை, இன்னும் இரண்டே சுற்றுதான், ஜமாய்த்துவிடுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன்.

பெஞ்சு முழுவதும் கல்லாகிப்போனது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். ராய் மட்டும் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

சுஜன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். நோ-ஹிட்டர் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாதாம், வீசுகிறவரோடு பேசவும் கூடாதாம். எடுத்தால் போய்விடும் என்று அந்த ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே நம்பிக்கை. மலர் அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உதை ஆராவது வாயாலை சொல்லுவினமோ தம்பி? நாவூறு படாதோ?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. புது பைக் வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற ஊரிலிருந்து வந்தவன் நான். அமெரிக்கர்களுக்கும் கண்ணேறு உண்டு என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்றாம் தளத்துப் பக்கம் வேலியோரமாகப் போய், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

அது அந்தக் காலத்து நான்கு மெகாபிக்சல் கேமரா. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு வாய் காபி குடித்து வந்தால்தான் படம் விழும். எட்டாவது சுற்றின் முதல் பந்துக்கு அழுத்தினேன். மட்டையில் பட்ட பந்து தரையோடு விரைந்து வந்தது. சுஜன் பக்கவாட்டில் நாலு எட்டு ஓடி, முழு நீளத்துக்குக் கையுறையை நீட்டினான். பந்து பின்னால் புல்லுக்குப் போய்விட்டது. அடித்தவர் முதல் தளத்தில் நின்றார்.

எல்லோரும் வலைக்குப் பின்னாலிருந்த சின்ன மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். கையுறையில் பட்டு நழுவியிருந்தால் சுஜனின் பிழை, ராயின் ஆசை பிழைத்தது. எட்டாமலே போயிருந்தால் அது அடி, எல்லாம் முடிந்தது. அடி என்று எழுதினால் மகனைக் காப்பாற்றினார் என்பார்கள். பிழை என்று எழுதினால் வீட்டில் குடியிருப்பவருக்குச் சலுகை என்பார்கள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார். மகனின் பெயருக்கு நேராகப் பிழை என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ராய் ஆறு பேரை வரிசையாக வெளியே அனுப்பினார். கடைசிப் பந்து முடிந்ததும் கையுறையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு, அதைப் பிடிக்க மறந்து அப்படியே நின்றார். மொத்த அணியும் அவர்மேல் விழுந்தது. முட்டைக்கோஸ் பெரியவர்கூட வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, என்னால் கெடவில்லை என்ற நிம்மதியில் பாதி.

வேனில் திரும்பும்போது கேமராவில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு படத்தில் விரல் நின்றது. சுஜன் கையை நீட்டியிருக்கிறான், பந்து அவனைத் தாண்டுகிறது. கையுறைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் புல் பச்சையாகத் தெரிந்தது. பத்து நாளில் நான் எடுத்தவற்றில் அதுதான் தெளிவான படம். கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

வெயில் இன்னும் இறங்காத ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் வழக்கு ஆரம்பித்தது. ராய் புட்டைப் பிசைந்துகொண்டே அது அடிதான் என்றார். பதினாறு வருடம் பந்து வீசியவனுக்குச் சத்தத்திலேயே தெரியும், கையுறையில் பட்ட சத்தம் வரவில்லை. பரிசாகக் கிடைத்த நோ-ஹிட்டர் தனக்கு வேண்டாம். தாள் நாளைக்குத்தான் தபாலில் போகிறது, அதற்குள் மாற்றி எழுதலாம்.

அண்ணன் அசையவில்லை. "பந்து அவன்ரை கையுறையிலை பட்டது. நான் கண்ணாலை கண்டனான். படேல்லையெண்டால் இப்பவே மாத்துவன்."

சுஜனைக் கேட்டார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, பட்டது அப்பா என்றான். மலர் அக்கா மகனையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் குழம்பை ஊற்றினார். கேட்காதவருக்கும் ஊற்றினார்.

அப்புறம் ராய் என் பக்கம் திரும்பினார். நீ அங்கேதானே நின்று படம் எடுத்தாய், அந்தப் பந்து விழுந்திருக்கிறதா என்று கேட்டார். மேசையில் நாலு ஜோடிக் கண்கள். உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ஒருமுறை நான் வாயைத் திறந்தாகிவிட்டது. பேட்டரி அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது என்றேன். சொல்லும்போது புரை ஏறியது. அக்கா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டியோடு கீழே வந்தால் மேசையில் ஆட்டத் தாள் உறைக்குள் போடப்பட்டு, தபால்தலையும் ஒட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் அண்ணன்.

"தம்பி, உங்கடை கமெராவை ஒருக்காத் தாங்கோ. நீங்கள் எடுத்த படங்களைப் பாப்பம்."

மறுக்க முடியவில்லை. கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, அந்தச் சின்னத் திரைமேல் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். தொங்கு ரயில், தறி, அக்காவின் ரோல்ஸ். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் வெகு நேரம் நின்றார். பெரிதாக்குவது எப்படி என்று கேட்டார். திரையைப் பார்க்காமலே பொத்தானைக் காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"இந்தக் குப்பைவாளிப் படம் போட்ட பொத்தான் என்னத்துக்கு?"

"அது அழிக்கிறதுக்குங்கண்ணா. தெரியாம அமுத்திறாதீங்க."

"ஓம் ஓம்" என்றார். கேமராவைத் துணியால் துடைத்துத் திருப்பித் தந்து, நல்ல கமெரா என்றார். உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் மஞ்சள் தபால்பெட்டிக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். உறையைப் பிரிக்கவில்லை. உள்ளே போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வயதான கண், சின்னத் திரை, தப்பித்தோம் என்று மூச்சுவிட்டேன். ராய் மேலேயிருந்து இறங்கி வந்து, வலது கையால் என் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்தார். இடது கையில் தேங்காய்ப்பூ.

திருப்பூர் வந்து நான்காம் நாள், படங்களை ஆலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எண்பத்தேழாம் படத்தில் சுஜன் குனிந்து காத்திருக்கிறான். அடுத்த படத்தின் எண் எண்பத்தொன்பது. அதில் அடித்தவர் முதல் தளத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். எண்பத்தெட்டு இல்லை. இரண்டு முறை தேடினேன்.

வந்து சேர்ந்ததைச் சொல்கிற சாக்கில் வுப்பர்டாலுக்குப் போன் போட்டேன். அண்ணன்தான் எடுத்தார். ராய் முந்தாநாள் போய்விட்டார், தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றார். அடி என்று அதற்குப் பிறகு ஏதும் சொன்னாரா என்றேன். இல்லை, மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, கேமராவில் ஒரு படம் குறைகிறது என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணன் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அது வடிவா விழேல்லைத் தம்பி. அதுதான் எடுத்துவிட்டனான்."

பிறகு அவர், விமான நிலையத்துக்குப் போன ரயிலில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தித்தானே ஏறினீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்டார்.